காற்று போகும் வழி

திருப்பூரில் கம்ப்யூட்டர் சூடானால் வெயிலை மட்டும் குறை சொல்ல முடியாது. பஞ்சையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நிட்டிங் மிஷினில் நூல் ஓடும்போதும், கட்டிங் டேபிளில் துணி அறுபடும்போதும், ஓவர்லாக் தையலில் ஓரம் வெட்டுப்படும்போதும் மெல்லிய இழைகள் பறந்துகொண்டே இருக்கும். தொழிலாளர்களின் தலைமுடியிலும் புருவத்திலும் அது படிந்திருப்பதைப் பார்க்கலாம். கம்பெனி ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரும் நாள் முழுக்க அதே காற்றைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும். 2000-களின் தொடக்கத்தில், டிப்ளமோ முடித்த கையோடு ஓர் அசெம்பிளிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் எனக்கு ஸ்க்ரூடிரைவரைவிட ப்ளோயரோடுதான் பழக்கம் அதிகம்.

கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, பிராசசர் மேல் இருக்கும் விசிறியைத் தூக்கினால் அடியில் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகள் தெரியாது. சாம்பல் நிறத்தில் கனமான ஒரு பஞ்சுப் படலம் மூடியிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் சதுரமாக, முழுதாகக் கையோடு வரும். விசிறி அதன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். காற்று தகடுகளுக்குள் இறங்கியிருக்காது. கடை அண்ணன் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் அங்கேதான் தொடங்கியது. "ஃபேன் சுத்துதான்னு பாக்காத கண்ணு. காத்து போகுதான்னு பாரு." ப்ளோயர் அடிக்கும்போது விசிறியின் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டாவது பாடம். பிடிக்காவிட்டால் ப்ளோயர் வேகத்தில் விசிறி தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெட்டுப்போகும். இன்றும் வீட்டில் தாமாகவே சுத்தம் செய்கிறவர்கள் பலர் இதைச் செய்வதில்லை. பார்க்கும்போது எனக்கு மனசு பதறும்.

அப்போது வந்துகொண்டிருந்த கேபினெட்டுகளில் காற்றுக்கென்று தனி ஏற்பாடு ஒன்றும் இருக்காது. 1995-ல் இன்டெல் வகுத்த, மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்குமான ஏடிஎக்ஸ் அமைப்புதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. தொடக்கத்தில் அந்த அமைப்பு, மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசசர் பக்கம் ஊதும் என்ற எண்ணத்தில் வகுக்கப்பட்டது. எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டை வாங்கிக்கொண்டு வரும் காற்று, பிராசசரை எப்படிக் குளிர்விக்கும்? பிறகு திசையை மாற்றி, உள்ளே சேரும் சூட்டை எஸ்எம்பிஎஸ் வெளியே தள்ளுவதாக ஆக்கினார்கள். நான் வேலைக்கு வந்தபோது இந்த இரண்டாவது முறை நிலைத்துவிட்டிருந்தது. பின்பக்கம் 80 மி.மீ. விசிறி பொருத்த இடம் விட்டிருப்பார்கள், விசிறி இருக்காது. முன்பக்கம் பளபளப்பான பிளாஸ்டிக் முகப்பு, அதன் பின்னால் தகரத்தில் ஊசிமுனைத் துளைகள். "ஒரு ஃபேன் சேத்துப் போட்டுக்கலாங்களா?" என்று கேட்டால், "அதான் எஸ்எம்பிஎஸ்ல ஒண்ணு இருக்குதுங்களே" என்பார் வாடிக்கையாளர். பென்டியம் 3 காலம்வரை அவர் சொன்னது சரிதான். சுமார் 30 வாட் சூட்டை அந்த ஒற்றை விசிறியே சமாளித்துவிடும்.

2004-ல் நிலைமை மாறியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் பிரெஸ்காட் என்ற பெயருடைய புதிய பென்டியம் 4 பிராசசர்கள் வந்தன. அவற்றில் வேகமானவை 100 வாட்டையும் தாண்டின. சித்திரை மாதம் பிறந்ததும் எங்கள் கடைத் தொலைபேசி ஓயவில்லை. எல்லோரும் ஒரே முறையீட்டைத்தான் சொன்னார்கள்: காலையில் நன்றாக ஓடுகிறது, மத்தியானம் மந்தமாகிறது, பிறகு தானாக அணைந்துவிடுகிறது. பிராசசர் தன் சூடு எல்லை மீறியதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் குறையாவிட்டால் மொத்தமாக நின்றுவிடும். இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்துத் தரச் சொன்னவர்கள் ஏராளம்.

அந்தக் காலத்தில் எந்த ஊர் பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் ஒன்றை ஓடவிட்டிருப்பார்கள். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அன்றைக்கு அன்றைக்கு வேலை நடக்க வேண்டும் என்ற அவசரத்தில் செய்வது அது. சூடும் ஓரளவு தணியும். ஆனால் கதவைத் திறந்துவிட்டால் பெட்டிக்குள் காற்று முன்னிருந்து பின்னுக்கு ஓடுவது நின்றுபோகும். டேபிள் ஃபேனின் காற்று படுகிற இடம் குளிரும், படாத இடம் வேகும். முன்பக்கக் கீழ்மூலையில் இருக்கும் ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் படாத இடத்தில் மாட்டிக்கொள்ளும். எங்கள் ஊரில் அந்த டேபிள் ஃபேன் அள்ளிக்கொண்டு வரும் பஞ்சையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தச் சூட்டுக்கு இன்டெல்லே ஒரு வழி சொல்லியிருந்தது. பக்கப் பலகையில், பிராசசருக்கு நேர் எதிரே ஒரு துளை போட்டு, அதிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாயை பிராசசர் விசிறிவரை நீட்டுவது. அறையின் வெப்பம் 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு, பிராசசர் விசிறியின் வாய்க்கு வரும் காற்று 38 டிகிரியைத் தாண்டாதபடி கேபினெட் இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. அதாவது மூன்று டிகிரிக்கு மேல் காற்று வழியில் சூடாகக் கூடாது. குழாய் வைத்த கேபினெட்டுகள் எங்கள் கடைக்கும் வந்தன. "இது எதுக்குங்க இந்தக் கொழாய், எடுத்துருங்க" என்று பலர் கழற்றச் சொல்வார்கள். அண்ணன் விடமாட்டார். மதிப்புள்ள பொருள் என்று உட்காரவைத்து விளக்குவார். தகரக் கூரை போட்ட கட்டிங் செக்‌ஷனில் அறை வெப்பமே 38-ஐத் தாண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். அறைக் காற்றைவிடக் குளிர்ந்ததாக எந்த விசிறியாலும் எதையும் ஆக்க முடியாது. அறைக்கும் பெட்டிக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைச் சுருக்குவதுதான் எங்கள் கையில் இருந்த வேலை.

எம்பிராய்டரி பஞ்சிங் செய்யும் ஓர் அக்கா எங்கள் வாடிக்கையாளர். பஞ்சிங் என்றால் டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஊசி எங்கே எப்படி இறங்க வேண்டும் என்று தையல் தையலாக வகுப்பது. ஒரு டிசைன் பாதியில் அணைந்து போனால் அன்றைய கூலியும் போய்விடும். "காலைல நல்லா ஓடுதுங்க தம்பி. ரெண்டு மணிக்கு மேல உசுரை எடுக்குது," என்றார். வெளியூரில் யாரோ அவருக்குக் கூடுதல் விசிறிகளெல்லாம் போட்டுத் தந்திருந்தார்கள். பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று, முன்னால் ஒன்று, மேலே எஸ்எம்பிஎஸ்ஸின் விசிறி. எல்லாம் நல்ல வேகத்தில் சுற்றின. பெட்டியோ கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

அக்காவின் சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது. ஒன்றைக் கேட்டு வாங்கி, பெட்டியின் முன்முகப்பில் பிடித்தேன். புகை என் முகத்துக்கு வந்தது. பக்கத்தில் பிடித்தேன், அங்கேயும் வெளியேதான் வந்தது. டிவிடி டிரைவின் இடுக்கில் பிடித்தபோது சரேலென்று உள்ளே போனது. பின்பக்கம் கார்டு சொருகும் இடத்தில் மூடித் தகடு ஒன்று விழுந்திருந்தது. அந்தச் சந்திலும் புகை உள்ளே போனது. எல்லா விசிறியும் வெளியே தள்ளுகின்றன, உள்ளே வர யாரும் வழி விடவில்லை என்பது புரிந்தது. பெட்டி தன் இடுக்குகள் வழியாகத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வெளியேறிய சூட்டுக் காற்றில் ஒரு பகுதி, பக்கத்திலேயே இருந்த அந்தச் சந்து வழியாகத் திரும்ப உள்ளே வந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு கம்ப்யூட்டர் டேபிளின் அடியறையில், கதவு போட்ட மரப் பெட்டிக்குள் அதைச் சொருகி வைத்திருந்தார்கள்.

முன் விசிறியின் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பி மாட்டினேன். விசிறியில் ஸ்டிக்கர் ஒட்டி, நடு மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கம் எதுவோ, அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். சில விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், பலவற்றில் இருக்காது. இந்த அடையாளம் போதும். பக்க விசிறியையும் உள்ளே ஊதும்படி திருப்பினேன். விழுந்த இடத்தில் தகடு ஒன்றை வைத்து மூடினேன். அகலமான பழைய ஐடிஇ ரிப்பன் கேபிள் முன் விசிறிக்கு நேரே திரை கட்டித் தொங்கியது. மடித்து டிரைவின் அடியில் கட்டினேன். பெட்டியை மர அறையிலிருந்து எடுத்துத் தரைக்கு மேல் ஒரு மணைப்பலகையில் வைத்தேன். புதிதாக ஒரு ரூபாய்க்கும் பொருள் வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் அக்கா கூப்பிட்டார். "நிக்கலீங்க தம்பி," என்றார். நானும் அண்ணனும் அன்று ஆளுக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தோம்.

விசிறி எத்தனை என்ற எண்ணிக்கையை விட்டு, காற்றின் பாதையை மட்டும் பார்க்க என் கண்ணைத் திறந்துவிட்டது இன்னொரு பெட்டி. ஏற்றுமதி ஆபீஸ் ஒன்று பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களை விற்றது; சிலவற்றை அண்ணன் வாங்கி வந்தார். திறந்ததும் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. அவை பிடிஎக்ஸ் என்ற அமைப்பில் செய்யப்பட்டவை. பிரெஸ்காட்டின் சூட்டைச் சமாளிக்க இன்டெல் மதர்போர்டின் வரைபடத்தையே மாற்றி எழுதிய அமைப்பு அது. பிராசசரைப் பெட்டியின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். முன்முகப்பில் ஒரு பெரிய, தடித்த விசிறி. அதன் பின்னால் ஹீட் சிங்க்கை முழுதாக மூடிய பிளாஸ்டிக் கூண்டு. உள்ளே நுழைகிற புதுக்காற்று வேறு எங்கும் சிதறாமல் முதலில் பிராசசரைத் தொட்டு, பிறகு மற்றவற்றின் மேல் ஓடிப் பின்னால் வெளியேறும். எங்கள் கையில் வந்த பெட்டிகளில் எஸ்எம்பிஎஸ் விசிறியை விட்டால் அது ஒன்றேதான். அது மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றியது. 2006-ல் கோர் 2 டுயோ வந்து பிராசசரின் சூடு 65 வாட்டுக்கு இறங்கியதும் பிடிஎக்ஸ்ஸுக்குத் தேவையில்லாமல் போனது. இன்டெல்லும் அதைக் கைவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. காற்றை மனதில் வைத்து ஒரு மதர்போர்டை வரைந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கூண்டைப் பார்த்த பிறகு நானும் செய்யத் தொடங்கினேன். திருப்பூரில் எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. கட்டிங் செக்‌ஷனில் பேட்டர்ன் பிளாட்டரோடு இணைந்த ஒரு கம்ப்யூட்டருக்கு, அட்டையை அளந்து வெட்டி, முன் விசிறியிலிருந்து பிராசசர்வரை ஒரு காற்றுக் குழாய் மடித்து ஒட்டினேன். அட்டை எதிலும் உராயாமல், விசிறி இறக்கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பார்க்க அழகாக இல்லை. அந்தக் கோடை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் நிற்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் பிறகு வந்தது. பெட்டிக்குள் 300 வாட் சூடு உண்டாகிறது, உள்ளே வந்த காற்று 10 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்குச் சுமார் 26 லிட்டர் காற்று ஓட வேண்டும். விசிறிப் பெட்டிகளில் அச்சிடும் அளவில் சொன்னால் ஏறக்குறைய 55 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 55 கன அடி. ஒரு நல்ல 120 மி.மீ. விசிறியின் அட்டையில் இந்த எண் இருக்கும். ஆனால் அது எதிரே எந்தத் தடையும் இல்லாத திறந்தவெளியில் அளந்தது. முன்னால் வலை, வலைக்குப் பின் ஃபில்டர், அதற்குப் பின் ஹார்டு டிஸ்க் கூடு என்று தடைகள் வர வர, அது பாதியாகக்கூடக் குறையலாம். அதனால்தான் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் ஒன்று என்பது பெரும்பாலான பெட்டிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.

விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும். அதற்குத் தேவையான மின்சக்தி எட்டு மடங்காகும். சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். ஆகவே சிறிய விசிறியை விரட்டுவதைவிடப் பெரிய விசிறியை நிதானமாக ஓடவிடுவது நல்லது. இது எனக்கு வெறும் விதியாக இருந்ததில்லை. ஒற்றை அறை வீடுகளில் நான் எத்தனையோ கம்ப்யூட்டர் மாட்டியிருக்கிறேன். தகப்பனார் இரவில் பில் போடுவார், அதே அறையில் கைக்குழந்தை தூங்கும். அங்கே 80 மி.மீ. விசிறி ஒன்று கீச்சிட்டால் அந்த வீட்டுக்கே தூக்கம் கிடையாது. நான்கு பின் விசிறியாக இருந்தால் மதர்போர்டே சூட்டுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மூன்று பின் விசிறியை மாட்டிவிட்டு பயாஸில் பிடபிள்யூஎம் என்று வைத்திருந்தால் அது எப்போதும் முழு வேகத்தில் ஓடும். அங்கே டிசி என்று மாற்றினால் அடங்கிவிடும். இரைச்சல் தாங்காமல் விசிறியையே பிடுங்கிப் போட்ட வீடுகளில் இந்த ஒரு மாற்றம் போதுமானதாக இருந்திருக்கிறது. உள்ளே எண்ணெய் வறண்டு கிறீச்சிடும் விசிறிக்கு, ஸ்டிக்கரை உரித்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுவோம். எங்கள் ஊரில் அது கிடைக்காத தெரு கிடையாது. சில மாதங்கள் தாங்கும். புது விசிறி வாங்கும்வரை.

பஞ்சு ஊரில் இன்னொரு விஷயம் முக்கியம். உள்ளே தள்ளும் காற்று, வெளியேற்றும் காற்றைவிடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். அப்போது பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். இடுக்குகள் வழியாகக் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. பஞ்சு நுழைய முன்வாசல் ஒன்றுதான் மிஞ்சும். அந்த வாசலில் ஃபில்டர் வைத்துவிட்டால் வேலை சுலபம். ஃபில்டர் தனியாகக் கிடைக்காத காலத்தில் விளையாட்டு உடைக்கு வரும் பாலியஸ்டர் மெஷ் துணியில் ஒரு துண்டு வாங்கி, விசிறி அளவுக்கு வெட்டி முன்முகப்பின் உள்ளே பொருத்துவோம். பனியன் துணி ஆகாது, அது காற்றையே அடைத்துவிடும். மெஷ் துணியைக் கழற்றித் தண்ணீரில் அலசி, காயவைத்து மாட்டலாம். கம்பெனிகளில் ஆபீஸ் பையன்களுக்குக்கூட அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இப்போது வரும் பிள்ளைகள் பெட்டி நிறைய வண்ண விளக்கு விசிறிகளோடு வருகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. முன்முகப்பை முழுக் கண்ணாடியால் மூடிவிட்டு, ஓரத்தில் விரற்கடை இடைவெளி விட்டுச் செய்யும் கேபினெட்டுகள்தான் எனக்கு ஆகாது. உள்ளே மூன்று விசிறி சுற்றும், இழுக்கக் காற்று இருக்காது. கிராஃபிக்ஸ் கார்டு மட்டுமே 200, 300 வாட் உமிழும் காலத்தில் இதைச் செய்வது நியாயமில்லை. கேபினெட் வாங்கும்போது முன்முகப்பு வலையா கண்ணாடியா என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

பக்கத்து வீதித் தம்பி ஒருவன் ஆசை ஆசையாய் ஒரு பெட்டி கட்டினான். முன்னால் மூன்று விசிறி உள்ளே, பின்னால் ஒன்று வெளியே, மேலே மூன்று வெளியே. "சூடு மேலதானுங்கண்ணா போகும்? அதனால மேல நெறைய வெச்சேன்," என்றான். சூட்டுக் காற்று மேலே எழும் என்பது உண்மை. ஆனால் பெட்டிக்குள் அந்த விசை மிகச் சிறியது. மெதுவாகச் சுற்றும் விசிறி ஒன்றே அதை மீறி எந்தத் திசைக்கும் காற்றைக் கொண்டுபோகும். அவன் பெட்டியில், மேல்புறம் முன்னோரத்தில் இருந்த விசிறி, முன்னால் நுழைந்த குளிர்ந்த காற்றைப் பிராசசரை எட்டும் முன்பே மேலே உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருந்தது. தலைமடையில் கரை உடைத்துக்கொண்டால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராது, அதுதான் நடந்தது. அந்த ஒரு விசிறியைக் கழற்றி, அந்த இடத்தை ஓர் அட்டையால் மூடச் சொன்னேன். அவனுக்கு மனமில்லை. செய்து பார்த்தோம், அதே கேம், அதே அறை, பிராசசரின் சூடு சில டிகிரி இறங்கியது. மிஞ்சிய விசிறியைத் தன் நண்பனின் விசிறியே இல்லாத பெட்டிக்குக் கொடுத்தான். அங்கே பின்பக்கம் மாட்டி, அவனே ஊதுபத்தி பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினான்.

ஆயுத பூஜை நெருங்கினால் இன்றும் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கம்பெனிகள் எல்லா மிஷினையும் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள் அது. கம்ப்யூட்டரும் அதில் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் ஃபில்டரை அலசி, ஹீட் சிங்க்கை ஊதி, ஒவ்வொரு விசிறிக்கும் புகை பிடித்துத் திசை பார்த்துவிட்டுத்தான் பலகையை மூடுகிறேன். கிளம்பும்போது மறக்காமல் சொல்வது ஒன்று உண்டு: சந்தனமும் குங்குமமும் முன் வலையில் வேண்டாங்க, துளை அடைச்சுக்கும், பக்கப் பலகையில் வைங்க, பெரிசாவே வைங்க.